அத்தா ஓட்டினால் மட்டும் எரியும் விளக்கு

திருச்சி விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக அத்தா வரவில்லை. நான் ஷார்ஜா போன பதினெட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை. விமானம் எந்த நேரத்தில் இறங்கினாலும் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டையும் கைலியுமாக நின்று, என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் பெட்டி எவ்வளவு பெரியது என்று பார்ப்பவர் அவர். இந்த முறை அந்த இடத்தில் வேறு யாருடைய அத்தாவோ நின்றுகொண்டிருந்தார்.

காரை எடுக்கக்கூடாது என்று தங்கை ஷமீமா அவருக்குத் தடை போட்டிருந்தாள். மூன்று மாதமாகவே அத்தா ஓட்டும்போது கார் நடுவழியில் படுத்துக்கொள்கிறது. முதலில் மீட்டர் பலகையில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்காது. ஒருமுறை வெட்டாற்றுப் பாலத்தில், பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும்போது இப்படி ஆயிற்று. மெக்கானிக்குகள் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். ஷமீமாவோ அவள் கணவரோ ஓட்டினால் ஒன்றும் ஆவதில்லை. ஆகவே கோளாறு காரில் இல்லை, எழுபத்துமூன்று வயது ஆளிடம்தான் இருக்கிறது என்று குடும்பம் முடிவு கட்டிவிட்டது.

"சாவிய நீ வந்து வாங்கிடு அண்ணே. நான் கேட்டா ரெண்டு நாளைக்குச் சாப்பிட மாட்டாரு," என்று ஷமீமா போனில் சொன்னாள். அத்தா முப்பது வருடம் அரிசி ஆலை லாரி ஓட்டியவர். இப்போது வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும் மன்னார்குடிவரை போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவார். அவருக்கு மிச்சமிருப்பது அந்த ஒன்றுதான். எனக்குப் பத்து நாள் விடுப்பு. அதற்குள் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லையென்றால் சாவியை வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

இதில் கேலி என்னவென்றால், ஷார்ஜாவில் எனக்கு இதுதான் பிழைப்பு. தொழிற்பேட்டையில் ஒரு கராஜில் கம்ப்யூட்டர் போட்டுப் பார்க்கிறவன் நான். இந்தக் காலத்துக் கார் தனக்கு என்ன வலி என்பதை ஒரு எண்ணாகச் சொல்லும். கருவியைச் செருகினால் அந்த எண் வரும், எண்ணைப் பார்த்து எந்தப் பாகம் என்று நான் சொல்வேன், கழற்றி மாட்டுகிறவர்கள் மாட்டுவார்கள். கை அழுக்காகாத வேலை என்று ஊரில் பெயர். பகல் முழுக்க எண்களைப் பார்த்துப் பார்த்து, தூங்கினாலும் போகாத ஒரு அசதி சேர்ந்துவிட்டது. கிளம்புகிற நாளன்று ஃபோர்மேன் மலையாளத்தில் கேட்டார், பத்து நாளில் நிஜமாகவே திரும்பிவிடுவாய் அல்லவா என்று. உடம்பு சரியில்லாத காரைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

தஞ்சாவூர் பஸ்ஸில் பெட்டியை வைக்க இடமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் மகன் கத்தாரில், இன்னொருத்தியின் மகன் சிங்கப்பூரில். யார் மகன் அதிகம் போன் செய்கிறான் என்பதில் சின்னதாகப் போட்டி நடந்தது. கத்தார்க்காரன் தினமும் பேசுகிறானாம், ஆனால் பேசும்போதே தூங்கிவிடுகிறானாம். எனக்கும் அந்த வழக்கம் உண்டு. வல்லம் தாண்டும்போது நானும் பெட்டிமேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டேன். தஞ்சாவூரில் நடத்துனர் தோளைத் தட்டி எழுப்பினார். அங்கிருந்து இன்னொரு பஸ், அதுவும் நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் நின்றது. கேட் மட்டும் மாறவே இல்லை.

வீட்டு வாசலில் அத்தா காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். என் பெட்டியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "எளச்சிட்ட," என்றார். அவ்வளவுதான். அம்மா இருந்திருந்தால் இன்னும் பத்து வாக்கியம் வந்திருக்கும். அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. டிக்கெட் கிடைப்பதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது, அப்புறம் வந்து என்ன செய்யப்போகிறேன் என்று அன்றைக்கு வரவில்லை. அம்மா இல்லாத வீட்டுக்குள் இப்போதுதான் முதல்முறையாக நுழைகிறேன். அந்த வெட்கத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நேராகக் குளிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் இடியாப்பமும் கறிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டுக் கருவியைக் காரில் செருகினேன். தீப்பெட்டி அளவுதான் இருக்கும், எண்ணை நேராகப் போனுக்கு அனுப்பிவிடும். பி-0101 என்று வந்தது. எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கிற சென்சார் சொல்லும் கணக்கு இடிக்கிறது என்று அர்த்தம். சென்சார் கெட்டிருக்கலாம், குழாய் ஓட்டையாகியிருக்கலாம், வயரை எலி கடித்திருக்கலாம். அறுவடை முடிந்தால் எங்கள் பக்கத்து வயல் எலிகள் குடும்பத்தோடு கார்களுக்குள் குடிவந்துவிடும். அதுவும் ஒரு புலம்பெயர்வுதான்.

பானெட்டைத் திறந்தேன். வயர்கள் முழுசாக இருந்தன. முன்பக்கம், காற்றுக்குழாய் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில், எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாகப் பச்சைத் துணியில் ஒரு முடிச்சு கயிற்றில் தொங்கியது. பச்சை என்றால் எங்கள் பக்கத்தில் கேள்வியே இல்லை, தர்கா. வண்டி நல்லபடியாக ஓட வேண்டும் என்று அம்மா நாகூரிலிருந்து ஓதி வாங்கி வந்து கட்டியிருப்பாள். அவள் அப்படிச் செய்யக்கூடியவள்தான். அத்தாவிடம் கேட்டால் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. மெதுவாக மூடிவிட்டேன்.

சாயங்காலம் நான் ஓட்ட, ஷமீமா முன்னாலும் அத்தா பின்னாலும் உட்கார, மன்னார்குடிவரை போய்வந்தோம். ஷார்ஜாவில் வலதுபக்கம் ஓட்டிப் பழகியவனுக்கு இங்கே இடதுபக்கம் ஓட்டுவது பெரிய தொல்லை. ஒவ்வொரு வளைவிலும் எந்தப் பக்கம் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டு நாற்பதுக்கு மேல் போகாமல் ஓட்டினேன். சைக்கிளில் போன ஒருவர் எங்களை முந்தினார். விளக்கு எரியவே இல்லை. பாத்தியா என்பதுபோல ஷமீமா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அத்தா ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள் நானும் அத்தாவும் தஞ்சாவூர் போனோம், நான்தான் ஓட்டினேன். மெக்கானிக் செல்வராஜ் புறவழிச்சாலையில் பட்டறை வைத்திருக்கிறார். அவர் அப்பா அம்மா கூலிக்கு நடவு நட்டவர்கள். இவர் பாலிடெக்னிக் படித்து, மஸ்கட்டில் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்தவர். மேஜையில் லேப்டாப், சுவரில் தன் டிப்ளமா சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். ஒரே தொழில்காரர்கள் என்பதால் நாங்கள் எண்களிலேயே பேசிக்கொண்டோம். அத்தா வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

செல்வராஜ் சென்சாரைக் கழற்றிச் சுத்தம் செய்தார், ஃபில்டரை மாற்றினார். வேலையைத் தொடங்கும்முன் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பச்சை முடிச்சை மெல்லத் தூக்கி பேட்டரிமேல் ஒரு சுத்தமான துணி விரித்து அதில் வைத்தார். சோதனையெல்லாம் முடிந்ததும் எடுத்துப் பழைய இடத்திலேயே தொங்கவிட்டார். அந்த மரியாதை எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. ஷார்ஜா கராஜில் இதற்கெல்லாம் யாருக்கும் நேரமில்லை. அவர் பட்டறையில் எவ்வளவு முறுக்கியும் எஞ்சின் ஒழுங்காக ஓடியது, லேப்டாப்பில் எல்லாக் கோடுகளும் அதனதன் இடத்தில் நின்றன.

"எரர அழிச்சாச்சு சார். இதுக்கு மேல வந்தா…" என்று வெளியே ஸ்டூலைப் பார்த்தார். எரரை அழிக்க ஒரு பொத்தான் போதும், என் வேலையில் எனக்குப் பிடிக்காத விஷயம் அதுதான். மத்தியானம் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். வத்தக்குழம்பு நன்றாக இருந்தது. அத்தா மோர் மட்டும் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார்.

நான்காம் நாள் காலை நான் எழுந்தபோது காரும் இல்லை, அத்தாவும் இல்லை. எட்டரை மணிக்கு நடந்து வந்தார். கைலியின் ஓரம் முழுக்கப் புழுதி. மெயின் ரோட்டில் மஞ்சள் விளக்கு எரிந்து வண்டி நின்றுவிட்டது, ஓரமாக விட்டுவிட்டு வந்தேன் என்றார். நான் போய் ஸ்டார்ட் செய்தேன். ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. நாற்பதில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஷமீமா சமையல்கட்டிலிருந்து என்னைப் பார்த்த பார்வையில் இனி வேறு பேச்சுக்கு இடமில்லை.

அடுத்த இரண்டு நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. வெயில், ஈ, தூக்கம். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்டார்கள். சாவியை எப்படிக் கேட்பது என்று வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்தேன். எதைச் சொல்லிப் பார்த்தாலும் வேலையிலிருந்து ஆளை நிறுத்துகிற மேனேஜர் குரல்தான் வந்தது.

ஏழாம் நாள் காலை அத்தாவே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "நீ எதுக்கு வந்திருக்கன்னு எனக்குத் தெரியும். சாவி தர்றேன்," என்றார். "முத்துப்பேட்டை வரைக்கும் ஒரு தடவ நான் ஓட்டுறேன். நீ பக்கத்துல உக்காந்து பாரு. நான் எங்க தப்புப் பண்றேன்னு சொல்லு. சொல்லிட்டு வாங்கிக்க."

போனோம். போகும் வழியெல்லாம் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளட்சில் கால் வைத்தபடி ஓட்டவில்லை. கியர் மாற்றுவது தெரியவே இல்லை. எதிரே பஸ் வருவது எனக்குத் தெரியும்முன் அவருக்குத் தெரிந்தது. ஊருக்குள் இருபது, கடைத்தெருவில் பத்து, இரண்டு தடவை ஆட்டுக்குட்டிக்காக நின்றார். முத்துப்பேட்டையில் இறால் வைத்துப் பொரித்த வாடா என்ற பலகாரத்தை வாங்கி, காரில் சாய்ந்துகொண்டு சூட்டோடு தின்றோம். ஷார்ஜாவில் எவ்வளவோ கடைகள் இருக்கின்றன, இது கிடைக்காது. இவரிடம் என்ன தப்புச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே தின்றேன். உண்மையில் சொல்ல ஒன்றுமில்லை, என்னைவிட நன்றாக ஓட்டுகிறார். ஊர் ஊராக நின்று நின்று வந்திருந்தோம், வழியில் விளக்கும் எரியவில்லை.

திரும்பும்போது வேறு வழியில் வந்தோம். புதிதாக அகலப்படுத்திய நேர்ச்சாலை. அத்தா எண்பதைத் தொட்டார், முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அந்த நேரம் பார்த்து மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் முனகியது, வண்டி மூச்சு வாங்கியதுபோல் தளர்ந்தது. முன்னால் சாலையின் பாதியில் உளுந்துச் செடிகளைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் காய் உடைந்து உளுந்து உதிரும், எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அடிப்பார்கள். ஷார்ஜாவில் சாலையில் ஒரு காலிப் பெட்டியைப் போட்டால்கூட அபராதம். அத்தா ஓரம் கட்டுவதற்குள் அந்த உளுந்தின்மேலேயே போய்க் கார் நின்றுவிட்டது.

வரப்பு மரத்தடியிலிருந்து ஒரு அம்மாள் முறத்தோடு எழுந்து வந்தார். "ஏறிட்டுப் போங்கன்னுதான் போட்டுருக்கேன். உக்காந்துக்கிட்டீங்களே," என்றார். அத்தா மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் கருவியைச் செருகி, போனை எஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டுப் பானெட்டைத் தூக்கினேன். பங்குனி வெயில். எண் வருவதற்குள் சூடு அதிகமாகிவிட்டது என்று எழுதிக் காட்டிவிட்டு போன் அணைந்துபோனது. இனிப் பார்ப்பதற்கு எண் இல்லை, எஞ்சின்தான் இருந்தது. கடைசியாக எப்போது ஒரு எஞ்சினைக் கண்ணால் பார்த்தேன் என்று நினைவில்லை. அத்தாவை ஸ்டார்ட் செய்து நன்றாக மிதிக்கச் சொன்னேன்.

அவர் மிதிக்க மிதிக்க அந்தப் பச்சை முடிச்சு ஆடியது. அப்புறம் ஒரு பக்கமாக நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் மிதித்தார். முடிச்சு காற்றுக்குழாயின் வாயில் போய்ச் சப்பென்று ஒட்டிக்கொண்டது. எஞ்சின் முனகியது. காலை எடுத்ததும் முடிச்சு விழுந்து ஒன்றுமறியாததுபோல் தொங்கியது.

மறுபடி மிதிக்கச் சொல்லிப் பார்த்தேன். அதேதான். வேகமாகப் போனால் எஞ்சின் நிறையக் காற்றை இழுக்கும், முடிச்சு வாயை அடைக்கும். நாற்பதில் போகிறவனுக்கு அது தெரியாது. ஷமீமா மெதுவாக ஓட்டுகிறவள், அவள் கணவர் கடைத்தெருவைத் தாண்டாதவர், நானோ சைக்கிளுக்குப் பின்னால் போகிறவன். எங்கள் குடும்பத்தில் கார் ஓட்டத் தெரிந்த ஆள் அத்தா ஒருவர்தான், அதனால்தான் அவருக்கு மட்டும் விளக்கு எரிந்தது. செல்வராஜோ மரியாதையாக முடிச்சை ஒதுக்கிவைத்துவிட்டுச் சோதித்தார், மரியாதையாகவே திருப்பி மாட்டினார்.

"அத்தா, இது அம்மா கட்டுனதா?" ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.

அத்தா இறங்கி வந்து பார்த்தார். "உங்கம்மாவா? நீ கட்டுனதுதானப்பா," என்றார்.

எனக்குப் புரியவில்லை. போன லீவில், எலிக்கு ஆகாது என்று புகையிலையைத் துணியில் கட்டி நான் தொங்கவிட்டதாகச் சொன்னார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புகையிலையை மாற்ற வேண்டும், காரம் போய்விடும் என்றும் நான் சொல்லியிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் என்னவோ செய்தது இப்போதுதான் மங்கலாக ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் கட்டியது நெல்லிக்காய் அளவுதான் இருக்கும்.

கயிற்றை அறுத்து முடிச்சைக் கையில் எடுத்தேன். பச்சைத் துணிக்குள் புதுப் புகையிலை. அதற்குள் வெள்ளை வேட்டித் துண்டு, அதற்குள்ளும் புகையிலை. அதற்குள் இன்னொரு துணி. கடைசியில் அழுக்கேறிய நீலத்தில் ஒரு சின்ன முடிச்சு வந்தது. என் கராஜ் சட்டையின் கைத்துணி. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

"பழசை எடுத்துட்டுல்ல புதுசு வைக்கணும். ஏன் மேல மேல சுத்துனீங்க?"

"உன் முடிச்ச அவுத்தா திரும்ப அதே மாதிரி எனக்குப் போட வராதே," என்றார் அத்தா. "முன்னாடி பாத்த மெக்கானிக் ஒருத்தரு கேட்டாரு, எடுத்துரவான்னு. புள்ள கட்டுனது, அவனுக்குத் தெரியாததா, தொடாதீங்கன்னு சொல்லிட்டேன்."

எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. உளுந்து அம்மாள் பார்க்கிறாரே என்று பானெட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்று மாதமாக ஊரார் முன்னால், மகள் முன்னால், ஓட்டத் தெரியாதவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். என்மேல் ஒரு சந்தேகம்கூட வரவில்லை. நான்தான் அவர் சாவியைப் பிடுங்க விமானம் ஏறி வந்திருக்கிறேன்.

முடிச்சு இல்லாமல் அதே சாலையில் எண்பதில் வந்தோம், தொண்ணூறும் போனோம். கிளம்பும்முன் உளுந்தின்மேல் முன்னும் பின்னுமாக நாலு தடவை ஏறி இறங்கிக் கொடுத்தார் அத்தா. அந்த அம்மாள் போதும் போதும் என்று கையை ஆட்டினார். விளக்கு எரியவில்லை. வீட்டில் ஷமீமாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அத்தாவுக்கு டீ போட்டுக் கொண்டுபோனாள். நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் தேவைப்படவில்லை.

பத்தாம் நாள் பெட்டியை டிக்கியில் ஏற்றிவிட்டு வந்தால் அத்தா பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறார். ஒரு கையில் புதுப் புகையிலை, இன்னொரு கையில் துவைத்துக் காயவைத்த அந்த நீலத் துணி.

"எலி வரும்ல," என்றார். "அடைக்காத எடமாப் பாத்து நீயே கட்டிக் குடுத்துட்டுப் போ."

பேட்டரிக்குப் பின்னால், காற்றுக்குழாய்க்கு எட்டாத தூரத்தில் இடம் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும் என்றேன், ஆனால் இந்த முடிச்சை அவிழ்க்கலாம், எப்படிப் போடுவது என்று காட்டித் தருகிறேன் என்றேன். மெதுவாக இரண்டு தடவை போட்டுக் காட்டினேன். அவர் பார்த்துக்கொண்டார். ஆனால் தானே போட்டுப் பார்க்கவில்லை.

"நீ அடுத்த லீவுக்கு வந்து மாத்து," என்று சொல்லிவிட்டுப் பானெட்டை மூடினார். சாவி அவர் கையில் இருந்தது. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.